ரேகை வைத்து வாங்கிய நான்கு தபால்கள்

எங்கள் பட்டறைக்குத் தபால் வருவது பதினொன்றரைக்கு. மழை பெய்தால் பன்னிரண்டு ஆகும். அந்த நேரத்தில் நான் பெட்டிக்குக் கம்பித் தையல் போடும் மெஷினில் இருப்பேன். மெஷின் வாசலைப் பார்த்தபடி இருப்பதால் தபாலை முதலில் பார்ப்பது நான்தான். இதிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரிய எளிதாக இருக்கும் ஐயா. எழுதத் தெரிந்தால் வாக்குமூலத்தை நீங்களே எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தீர்கள். தெரியும். ஐம்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் வரும்.

அட்டைப்பெட்டி செய்கிற பட்டறை. ஒரு காலத்தில் எட்டுப் பேர் இருந்தோம். கடைசியில் நானும், அரைநாள் வந்து பசை ஒட்டும் இரண்டு பெண்களும்தான். முதலாளி என்னைவிட ஐந்து வயது சின்னவர். என்னை அண்ணே என்பார். அட்டைக்கட்டு அடுக்கியிருக்கும் பின்னறையில் எனக்கு ஒரு கட்டில். எனக்கும் மனைவி இருந்தாள். தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் "வரேண்ணே" என்று சொல்வதற்கும் திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்குவதற்கும் நடுவில் என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்காது. திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். "சளியாண்ணே?" என்பார். ஆமாம் என்பேன்.

அப்போதெல்லாம் சம்பளப் பேரேட்டில் பெருவிரல்தான் வைப்பேன். கைநாட்டை நம்பிப் பதிவுத் தபாலைத் தர மாட்டேன் என்று அந்தக் காலத்துத் தபால்காரர் சொல்லிவிட்டார். ஒருமுறை முதலாளி வெளியே போயிருந்தபோது வரி ஆபீஸ் கடிதம் திரும்பிப் போய் அபராதம் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "நாளையிலேர்ந்து நீ படிக்கிறண்ணே, என்னால ஃபைன் கட்டி மாளாது" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். வெட்டி விழுந்த அட்டைத் துண்டில், அளவு குறிக்கும் பென்சிலால். வேறு புத்தகம் இல்லாததால் வரி ஆபீஸ் கடிதம்தான் பாடம். பிள்ளைகள் முதலில் அம்மா என்று படிக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் 'நிலுவை'. அவர் சிரித்துச் சிரித்து இருமினார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். பிறகு அவரே தபாலாபீசுக்குப் போய், தன் பெயரில் வரும் தபாலை நான் கையெழுத்துப் போட்டு வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் அம்மா வருவார். குட்டையான பெண்மணி, குரல் மட்டும் பெரிது.

"உங்க சட்டைப்பை என்ன பேங்க்கா? வீட்டுக் காசையும் பட்டறைக் காசையும் கலக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ரெண்டும் என் காசுதானே மேடம்."

"அது வரி ஆபீசுக்குத் தெரியாது. வரிக்குன்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தனியா எடுத்து வைங்க, வருசக் கடைசில என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாதீங்க. எட்டு வருசத்துக்கு ஒரு பேப்பரைத் தூக்கிப் போடக் கூடாது. லெட்டர் வந்தா முப்பது நாளுக்குள்ள பதில். பதில் போடாதவன் ஒளிக்கிறான்னுதான் அவங்க எடுத்துக்குவாங்க."

முதலாளி தலையாட்டுவார். செய்வது நான். வருடத்துக்கு ஒரு பெட்டி, பரணில் எட்டுப் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் வருடம் என் கையெழுத்தில். "அண்ணன் இப்படி அடுக்கினா என் பொழப்பு போயிடும்" என்பார் ஆடிட்டர் அம்மா.

அந்த அம்மாள்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். பட்டறையை விற்பதாக இருந்தால் லாபம் குறைந்த இந்த வருடமே விற்றுவிடுங்கள், வரி குறையும் என்று. வாங்க ஆள் இருந்தது. வரி பாக்கி இல்லை என்ற சான்று மட்டும் வேண்டும். முதலாளியின் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். மாடியில் அப்பாவுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருந்தாள். மனைவியை இழந்தவர், போகத்தான் நினைப்பார்.

எனக்கும் ஒரு தொகை ஒதுக்கியிருந்தார். பட்டறைச் செலவாகவே காட்டலாமாம்.

"இனிமே நீ கம்பி தைக்க வேணாண்ணே. ஒரு ரூம் பார்த்துக்க. நிம்மதியா இரு."

"நீங்க எப்ப வருவீங்க?"

"வர்றதுக்கென்ன, வருவேன்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

இருபது நாள் கழித்து வரி ஆபீசிலிருந்து முதல் தபால் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய காகித உருளைக்கு மூன்று பில்லின் நகல் கேட்டிருந்தார்கள். அவ்வளவுதான். அந்த மூன்று பில்லும் பரணில் இடமிருந்து ஏழாவது பெட்டியில் இருந்தன. எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அனுப்பினால் சான்று வந்துவிடும்.

நான் மைப்பெட்டி கேட்டேன். "ஏண்ணே, அழகா கையெழுத்துப் போடுவீங்களே?" என்றார் தபால்காரர். இவர் அந்தக் காலத்து ஆளுக்குப் பிறகு வந்தவர், இளகிய மனசுக்காரர். கையெல்லாம் பசை என்றேன். கையில் பசை இல்லை. ஏன் ரேகை என்று நீங்களும் கேட்டீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு மாதம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். வாங்க வந்தவர் இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார். இரண்டாவது தபால் நினைவூட்டல். அதையும் ரேகை வைத்து வாங்கினேன். மூன்றாவது, தீர்ப்பு மாதிரி. பில் காட்டாததால் கொள்முதலே பொய், அது முழுவதும் லாபம், அதற்கு வரி, வரிக்கு அபராதம், அபராதம் போக வட்டி. எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு மதியம் ஆனது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். முப்பது நாளும் போயிற்று.

பேங்க் கணக்கை முடக்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஆடிட்டர் அம்மாவோடு வரி ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் வந்து என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவனோ ரேகை வெச்சு வாங்கியிருக்காண்ணே. மூணையும்."

"ரேகையா?"

"உங்க ஆளாத்தான் இருக்கும்னு அந்த ஆபீசர் சொல்றான். எங்க அண்ணன் கையெழுத்துப் போடுவாரு, நானே சொல்லிக் குடுத்தேன்னு மேசையைத் தட்டிச் சொல்லிட்டு வந்தேன்."

என்னிடம் ரேகை வாங்கிய தபால்காரர் அதற்குள் ஓய்வுபெற்று மகன் ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு எதுவும் தெரியாது. இனி லெட்டரெல்லாம் எங்கள் ஆபீசுக்கு வரட்டும் என்றார் ஆடிட்டர் அம்மா. "எதுக்கு மேடம்? அண்ணன் வாசலையே பார்த்துக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்காரு" என்றார் முதலாளி.

வீட்டை விற்று வரி கட்டினார். எனக்கு ஒதுக்கியதும் அதிலேயே போயிற்று. அதனால் காசுக்காகச் செய்தாயா என்று இனி கேட்காதீர்கள். மகள் வரச் சொல்லிக் கெஞ்சினாள். "வெறுங்கையோட பொண்ணு வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றியாண்ணே?" என்றார். ஒரு சூட்கேஸோடு என் பின்னறைக்கு வந்தார். கட்டிலை அவருக்குக் கொடுத்தேன். நான் கீழே அட்டை விரித்துக்கொண்டேன்.

பத்து மாதம். ஞாயிற்றுக்கிழமையும் பேச்சு இருந்தது. திங்கட்கிழமை என் தொண்டை கரகரக்கவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை உண்டு. செலவு கட்டாது என்று பாதி பாதியாகப் போட்டுக்கொள்வார். கம்பி வெட்டும் கத்தியால் நான்தான் சரிபாதியாக நறுக்கிக் கொடுப்பேன். என் கை ஆடாது.

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு போட்டிருந்தார். தினமும் பதினொன்றரை தாண்டியதும் உள்ளிருந்து கேட்பார். "தபால் ஏதாவது?" ஒன்பதாவது மாதம் நான்காவது தபால் வந்தது. மனுவை ஏற்றுக்கொண்டார்கள். இன்ன வியாழக்கிழமை அந்த மூன்று பில்லோடு வரவும், சரியாக இருந்தால் கட்டிய பணம் திருப்பித் தரப்படும். அவர் கேட்டார். இல்லை என்றேன். அந்த வியாழக்கிழமை நாங்கள் இருவரும் இருநூறு பெட்டி மடித்தோம்.

அடுத்த மாதம் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பசை ஒட்டும் பெண்கள் அன்று வரவில்லை.

"அண்ணே, பொண்ணுக்குப் போன் போடு."

நம்பர் சுவரில் ஒட்டியிருந்தது, நான் எழுதிய அட்டை. போனைக் கையில் எடுத்தேன். போட்டால் அவள் ஆம்புலன்சுக்குச் சொல்வாள். பிறகு தன்னோடு கூட்டிப் போய்விடுவாள். அது உறுதி.

"போட்டேன், எடுக்கல."

"இன்னொரு தடவை போடு."

அட்டையில் படுக்க வைத்து, பெட்டி மூடியால் விசிறினேன். பதினொன்றரைக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தலையைத் தூக்கி "தபாலா?" என்றார். இல்லை என்றேன். அன்று உண்மையிலேயே இல்லை. இரண்டு மணிக்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. நான் விசிறிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அவளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்களாவது கூட இருந்தீங்களே பெரியப்பா" என்றாள்.

மகளுக்காகக் கணக்கை முடித்துக் கொடுக்க ஆடிட்டர் அம்மா பரணில் இருந்து பெட்டிகளை இறக்கினார். முதல் பெட்டியில் பழைய சம்பளப் பேரேடு இருந்தது, மாதத்துக்கு ஒரு பெருவிரலாக. என் பெருவிரலில் கம்பி ஏறிய தழும்பு உண்டு. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழும். வரி ஆபீசில் கொடுத்த தபால் ரசீது நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் என் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பேரேட்டை நான் முன்பே கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் எட்டு வருடம் ஆகவில்லை.

முதலாளியும் அந்த நகலைப் பார்த்தவர்தான். கம்பி ஏறிய அன்று அந்தக் காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டவரும் அவர்தான். அதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

நான்கு தபாலும் என் கட்டிலுக்கு அடியில், தட்டையாக மடித்த பெட்டிக்குள், தேதிவாரியாக இருக்கின்றன. மூன்று பில்லும் கூடவே இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செத்தது என்னால்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ரேகை விஷயம் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் தபால்காரர் பேனாவைத்தான் முதலில் நீட்டினார். எனக்கு மனசு வரவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த எழுத்தை அவருக்கு எதிராக நான் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. இதை மட்டும் அவர் மகளிடம் சொல்லிவிடுங்கள் ஐயா. அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.