பத்தாவது தோல்வி

— தோல்வியை எடுத்துடுங்கன்னு கேட்டு வர்றவங்கதான் சார் ஜாஸ்தி. சேர்த்துக்கோங்கன்னு வந்த முதல் ஆளு நீங்கதான்.

— அதாவதும்மா, எனக்கு ஒன்பது தோல்வின்னு எல்லாரும் சொல்வாங்க. அது பொய். பத்து.

— இருங்க, அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுது. பெஞ்சுல உட்காருங்க. ஹெவிவெயிட்டா?

— அப்ப நூத்தியெட்டுக் கிலோ. இப்பக் கேக்காதீங்க.

— ரிங்குல என்ன பேரு?

— ரோட் ரோலர்.

— நம்ம பாக்ஸிங் சங்கத்துல பழைய ஆளுங்க கார்டெல்லாம் இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தல. பீரோவுலதான் தேடணும். நான் தேடிக்கிட்டே கேக்குறேன், நீங்க சொல்லுங்க. எந்தச் சண்டை?

— கடைசிச் சண்டை. இருபத்தோரு வருஷம் ஆச்சு. எதிர்ல ஒட்டகம்னு ஒருத்தர். கழுத்து நீளம், கை அதைவிட நீளம். நாலாவது ரவுண்டுல விலாவுல ஒண்ணு விட்டாரு, மூச்சே வரல. விழுந்துட்டேன். நடுவர் எண்ணுறாரு. ஏழு, எட்டு, ஒன்பது. அதாவதும்மா, எனக்கு எழுந்திரிக்கிற எண்ணமே இல்ல. அப்ப மணி அடிச்சுது.

— ரவுண்டு முடிஞ்சுதாக்கும்.

— முடியல. இன்னும் அரை நிமிஷம் இருந்துச்சு. மணி அடிக்கிறவர் எனக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டருக்கு வேண்டப்பட்டவர்.

— ஓஹோ.

— அடுத்த ரவுண்டு. ஒட்டகம் கையைக் கீழ போட்டுட்டு, மணிக்காரர் பக்கம் திரும்பி நியாயம் கேட்டுக்கிட்டிருந்தாரு. மாஸ்டர் பின்னாலருந்து அடிடான்னாரு. அடிச்சேன். மனுஷன் மரம் மாதிரி சாஞ்சாரு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. என் கையைத் தூக்கி, ஜெயிச்சவன் இவன்னாங்க. அன்னைக்குக் கழட்டின கிளவுஸ்தான், திரும்பப் போடவே இல்ல. மாஸ்டரோட ஜிம் இருக்கிற தெருப் பக்கமே போகல. துறைமுகத்துல கிரேன் ஓட்டப் போயிட்டேன்.

— சரி, இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்ன சார் வந்துச்சு?

— போன வாரம் மருமகன் காருக்கு டயர் மாத்தப் போனேன். கடை முதலாளி யாருன்னு பார்த்தா, ஒட்டகம்.

— திட்டினாரா?

— திட்டியிருந்தா நிம்மதியா வந்திருப்பேன். கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. டீ வாங்கிக் கொடுத்தாரு. பேரன் பேத்தி என்ன படிக்குதுன்னு வரிசையாச் சொன்னாரு. எல்லாம் கோர்வையாத்தான் பேசினாரு. கடைசியில, "உன்னை நான் ஜெயிச்சேனே, ஞாபகம் இருக்கா"ன்னு சிரிக்கிறாரு.

— தமாஷுக்குச் சொல்லியிருப்பாரு.

— நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். இல்ல, நிஜமாவே நம்புறாரு. காத்தடிக்க வந்தவன்கிட்டகூட, இந்த மலையை நான் நாலாவது ரவுண்டுல கவுத்தேன்னு சொல்றாரு. அவர் பொண்ணு பக்கத்துல நின்னு தலையாட்டுது, அப்பா மனசு நோகக் கூடாதுன்னு. என் அடியில மூளை கலங்கிப் போச்சு, வேற என்ன? அஞ்சு நாளா சோறு இறங்கல. வீட்டுல கேட்டதுக்கு வயித்துக் கோளாறுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அழாதீங்க சார். இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அதாவதும்மா, மூளையத் திருப்பித் தர என்னால ஆகாது. அவர் நம்புறதையாவது நெசமாக்கலாம்ல? எழுதிக் கொடுத்துடறேன். ஜெயிச்சது அவர், தோத்தது நான். கையெழுத்து எங்க வேணும்னாலும் போடறேன்.

— உங்க கார்டு கெடைச்சிடுச்சு. மொத்தம் இருபத்தேழு சண்டை.

— ஆமா. பதினெட்டு ஜெயிச்சேன்.

— பதினேழுன்னு இருக்கே.

— தப்பா எண்ணுறீங்கம்மா.

— நான் எங்க சார் எண்ணினேன், எழுதியிருக்கிறதைப் படிக்கிறேன். கூடவே ஒரு லெட்டரும் குத்தி வச்சிருக்கு. மணி அடிச்சவர் எழுதினது, சண்டை முடிஞ்ச எட்டாவது நாள். "தெரிஞ்சேதான் மணியை முன்னாடியே அடிச்சேன், தூக்கம் வரல"ங்கிறாரு. கமிட்டி கூடி முடிவை மாத்தியிருக்காங்க. உங்களுக்கும் தகவல் அனுப்பியிருக்கு, ஜிம் விலாசத்துக்கு. வாங்கிக்கிட்டவர் உங்க மாஸ்டர்.

— மாஸ்டரா? போன வருஷம் சாகுற வரைக்கும் மாசம் ஒரு தடவை போன் பண்ணுவாரே. ஒரு வார்த்தை சொல்லல.

— எப்படிச் சொல்லுவாரு?

— அப்படின்னா... நான் தோத்துட்டேனாம்மா?

— எப்பவோ தோத்தாச்சு சார். ஒட்டகம் நேர்லயே வந்து சான்றிதழ் வாங்கிட்டுப் போயிருக்காரு, நாலாவது ரவுண்டு, நாக் அவுட்னு. அந்த மனுஷனுக்கு மூளை தெளிவாத்தான் இருக்கு.