மூன்று பெட்டிகளைத் திருப்பியனுப்பிய சூசைமுத்து அவர்களுக்கு

2002 மார்ச் 11, திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, உத்தமபாளையத்தில் நம் மருத்துவமனை ஆய்வகத்தில், சிறுநீர்ச் சோதனைக்கான ஸ்ட்ரிப் பெட்டி ஒன்று புதிதாகப் பிரிக்கப்பட்டது. முதல் ஸ்ட்ரிப் பச்சையாக மாறியது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண் பதித்தவரே, இன்றைய ரிப்போர்ட்டை நாளைக்கென்று ஒருபோதும் தள்ளாதவரே, வருசநாட்டு மலையிறங்கி வந்தவரின் காய்ச்சல் மலேரியாவா இல்லையா என்று ஒரு துளி இரத்தத்தில் கண்டு சொன்னவரே, இன்று ஓய்வு பெறும் எங்கள் ஆய்வக நுட்பநர் சூசைமுத்து அவர்களே, வணக்கம்.

தங்கள் நேர்மையையும் நேரந்தவறாமையையும் மேடையில் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது அந்தப் பெட்டிதான்.

புதுப் பெட்டி பிரித்ததும், கோளாறில்லாத ஒருவரின் சிறுநீரில் ஒரு ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்ப்பது நம் ஆய்வக வழக்கம். மஞ்சளாகவே நின்றால் பெட்டி நல்ல பெட்டி. பச்சையானால் சிறுநீரில் புரதம் இருப்பதாகப் பொருள். அந்தக் கோளாறில்லாத ஒருவர் எப்போதும் தாங்கள்தான். எனவே பச்சையைக் கண்டதும் பெட்டி கெட்டுவிட்டதென்று முடிவு செய்து திருப்பியனுப்பினீர்கள். ஏப்ரலில் இரண்டாவது பெட்டி போனது, மே மாதத்தில் மூன்றாவது. மூன்றாவது பெட்டியோடு போன கடிதத்தில் 'வன்மையாகக் கண்டிக்கிறேன்' என்று எழுதியிருந்தீர்கள். அதன் நகல் எங்களிடம் இருக்கிறது. இந்த வாழ்த்து மடலோடு அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தராமல் விட்டது எங்கள் பெருந்தன்மை.

நான்காவது பெட்டியும் பச்சை காட்டியபோது, ஆய்வக உதவியாளர் இருளம்மாள் தம் சிறுநீரில் ஒரு ஸ்ட்ரிப்பை நனைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எனக்கு மஞ்சளாத்தான நிக்கிது சார். இது என்ன, ஆளு பாத்தா நெறம் மாறுது?"

"எனக்குச் சுகர் இல்ல இருளம்மா. போன மாசந்தான் பாத்தேன்."

"சுகர் இருக்குன்னா சொன்னேன்? பச்சையா இருக்குன்னேன்."

அன்று தங்கள் எடை தொண்ணூற்றாறு கிலோ. தங்களைச் சோதித்த டாக்டர் சுயம்புலிங்கம் ஆய்வகத்துக்கே வந்து சொன்னது எங்கள் எல்லோருக்கும் பாடமானது. "சுகர் வந்த பெறகுதான் கிட்னி கெடும்னு யாரு சொன்னது? தொப்பை போட்டா ஒடம்பு இன்சுலின் பேச்சக் கேக்காது. கேக்க வைக்கணும்னு கணையம் கூடுதலாச் சொரந்து தள்ளும். அதனால சுகர் ரிப்போர்ட் கொஞ்ச நாளைக்கு நல்லாவே இருக்கும். கிட்னியில இருக்கிற சல்லடை மட்டும் ஓவர்டைம் பாத்துத் தேஞ்சுக்கிட்டே வரும். பிரஷரும் ஏறிக் கெடக்கு. உங்களுது ஒழுக ஆரம்பிச்சிருச்சு, சூசை."

"நிக்குமா டாக்டர்?"

"எடையும் பிரஷரும் எறங்குனா நிக்கலாம். இல்லேன்னா மதுரைக்குத்தான்."

மதுரை என்றால் டயாலிசிஸ் என்று இந்தப் பள்ளத்தாக்கில் தங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாரம் இருமுறை அதற்காக பஸ் ஏறியவர்களில் பதினொரு பேரின் முதல் ரிப்போர்ட்டில் இருப்பது தங்கள் கையெழுத்து. அன்று மாலை நீங்கள் கேன்டீன் பரோட்டாவைத் தொடவில்லை.

மறு வாரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ராயப்பன்பட்டியிலிருந்து சைக்கிளில் வரத் தொடங்கினீர்கள். ஆடிக் காற்று ஒரு வழியில் தங்களை ஓட்டிவந்தது. மறு வழியில் இறக்கித் தள்ள வைத்தது. "சாரு வண்டிய என்ன பண்ணுனாக?" என்று கேட்டவர்களிடமெல்லாம் இருளம்மாள் ஒரே பதில் சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் ரிப்பேருக்கு விட்ருக்கு." தங்கள் துணைவியார் பிலோமினா அவர்கள் டிபன் பாக்ஸில் சோற்றைப் பாதியாக்கி, மீதியைக் கீரையும் அவரைக்காயுமாக நிரப்பினார். எங்கள் தட்டுகளை எட்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் தாங்கள் விடவில்லை.

பிழையை மறைத்திருக்கலாம், நீங்கள் அதை வேலையாக்கினீர்கள். ஸ்ட்ரிப் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினீர்கள். 'சுகர் நார்மல்' என்று மகிழ்ந்து எழுந்த ஏலக்காய் வியாபாரிகளையும் திராட்சைத் தோட்டக்காரர்களையும் மறுபடி உட்கார வைத்து, இடுப்புக்கு டேப் வைத்து, டாக்டரிடம் கேட்டு ஒரு ஸ்ட்ரிப்பும் நனைத்தீர்கள். "நானும் நார்மல்னுதான் மூணு பொட்டியத் திருப்பி அனுப்புனேன்" என்று தங்களைத் தாங்களே சாட்சிக்கு அழைத்தீர்கள். அவ்வாறு ஆறு ஆண்டுகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சிறுநீரகக் கசிவு தொடக்கத்திலேயே தெரிந்தது. எங்களில் நால்வர் அதில் அடக்கம்.

அன்பரே, நெடுநாள் நலமாய் வாழுங்கள். சைக்கிளை விற்றுவிடாதீர்கள். பேரப் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கில் ஒரு விரற்கடைத் துண்டுக்கு எங்கள் அனுமதி உண்டு.

இம்மாதம் 26ஆம் தேதி தங்கள் சிறுநீரும் இரத்தமும் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டன. எடை எழுபத்தொன்பது கிலோ. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.0, அளவுக்குள்தான். சிறுநீரில் புரதம் சிறிதளவு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகக் கூடவில்லை.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய மருத்துவமனை ஊழியர்கள்
உத்தமபாளையம், 30.6.2008