குளிர் போன வழி

கணினி சூடாகிறதா என்று பார்க்கப் பெரும்பாலானவர்கள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. அதில் ஒரு பயனும் இல்லை. வெளியே தகரம் சாதாரணமாக இருக்கும், உள்ளே பிராசசர் தொண்ணூறு டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் காட்டுவதற்கென்றே சின்னச் சின்ன மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. என் திரையின் வலது மூலையில் அந்த எண் எப்போதும் இருக்கும். எண்பத்தைந்தைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்படி வைத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் காகிதத்தில் அலட்சியம் என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். நான் அலட்சியமான ஆள் இல்லை.

இன்னும் கட்டாத வீடுகளைப் படமாக்குவது என் வேலை. கட்டட நிறுவனம் வரைபடத்தைக் கொடுக்கும். நான் அதைக் கணினியில் எழுப்பி, சுவருக்கு வண்ணம் பூசி, ஜன்னல் வழியாக வெயில் விழவைத்து, ஓர் ஆள் உள்ளே நடந்துபோவதுபோல நகரும் படமாகச் செய்து தருவேன். கடைசிக் கட்டத்தில் எனக்கு வேலை இல்லை, கணினிக்குத்தான். எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் மூச்சுவிடாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அப்போதுதான் சூடேறும். நூறைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். அதுவரை செய்ததெல்லாம் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

என் கணினி பெரும்பாலும் எண்பது, தொண்ணூறு சதவீதத்தில்தான் அணையும். பத்து சதவீதத்தில் அணைந்தால்கூட மனசு ஆறும். கறுத்துப்போன திரையில் என் முகம் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினேன், நான்கு டிகிரி குறைந்தது. பிராசசர் மேல் தடவுகிற பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன், ஆறு டிகிரி. கூடுதலாக இரண்டு விசிறி மாட்டினேன். சத்தம்தான் கூடியது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒன்பது மணி நேர வேலை பதினாறு மணி நேரமானது, பதினைந்தாவது மணியில் அணைந்தது. கோடை வந்ததும் இத்தனை பாடும் வீணாகப் போனது. அறையே முப்பத்தெட்டில் இருக்கும்போது விசிறி எதை அள்ளி வீசும்? சூட்டைத்தான் வீசும்.

வீட்டில் ஒரே ஒரு ஏசி. அது அண்ணன் அறையில் இருந்தது.

அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கீழே உள்ள உடம்பு நின்றுவிட்டது. தலையைத் திருப்புவார், பேசுவார், சாப்பிடுவார். அவ்வளவுதான். மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்த அன்று டாக்டர் என்னையும் அண்ணியையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இவர் உடம்புக்கு இனிமே வேர்க்கத் தெரியாது. வெளியில என்ன சூடோ அதுதான் உள்ளேயும். ரூம குளுமையா வெச்சுக்கங்க. சம்பந்தமில்லாம பேச ஆரம்பிச்சார்னா சூடு தலைக்கு ஏறிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் ரொம்ப நேரம் இல்ல."

எனக்கு அது உடனே புரிந்தது. அண்ணியைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது என்றே சொல்லலாம்.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கிறவர். காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். பகல் முழுக்க அண்ணன் என் பொறுப்பு. அதற்காகத்தான் அலுவலக வேலையை விட்டு வீட்டிலிருந்து செய்யத் தொடங்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நாள் எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில், "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்பார்கள். ஆறு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு ஏசி வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நானும் அதைத்தான் அண்ணனிடம் கேட்டேன். "இந்த வீட்டு வயரு ரெண்டு ஏசி தாங்காதுடா. சர்வீஸ் வயரே பொசுங்கிடும்" என்றார். மின்சார விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். கணினியை அவர் அறையிலேயே வைத்துப் பார்த்தேன். அது கக்கிய சூட்டில் அறை இரண்டு டிகிரி ஏறியது, இரைச்சலில் அவருக்குத் தூக்கம் போனது. "தம்பி, அத வெளிய எடுத்துடுங்க. அவரு கண்ணே மூடல" என்று இரண்டாம் நாள் அண்ணி சொல்லிவிட்டார்.

பிறகுதான் குழாய் யோசனை வந்தது. சமையலறைப் புகைபோக்கிக்குப் போடுகிற, வெள்ளி நிறத்தில் மடிப்பு மடிப்பாக நீளும் குழாய். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே கதவு உண்டு, அதற்கு மேலே காற்றுப்போக்கிச் சந்து உண்டு. ஏசியின் வாயில் பாதியை அட்டையால் மூடி, குழாயை அதில் பொருத்தி, சந்து வழியாக என் அறைக்கு இழுத்து, கணினிப் பெட்டியின் முன்னால் கொண்டுவந்து விட்டேன். பாதிக் குளிர் அவருக்கு, பாதி இதற்கு.

அண்ணன் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பத்துல கொக்கி போட்டுக் கரண்ட் திருடுறவன் எத்தன பேரப் புடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா? கடைசில என் தலைக்கு மேலயே கொக்கி போடுற."

"வேணாம்னா எடுத்துடறேண்ணா."

"இருக்கட்டும்டா. பாதிதானே. உன் பொழப்பும் ஓடணுமில்ல."

பாதிதானே என்று அண்ணியும் விட்டுவிட்டார். நூறைத் தொட்ட எண் எண்பத்தொன்பதுக்கு இறங்கியது. ஆனாலும் அலாரம் அடித்தது. எத்தனை மாதமாகப் பாடுபட்டு ஒரு எண்ணை இறக்குகிறேன், அது எண்பத்தைந்துக்கு நான்கு டிகிரி தள்ளி நின்றுகொண்டு என்னையே பார்க்கிறது. அந்த எரிச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினேன். இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம். அண்ணி தொழிற்சாலைக்குப் போன பிறகு நகர்த்துவேன், அவர் வருவதற்கு முன்னால் பழையபடி வைத்துவிடுவேன். அண்ணன் இதை அண்ணியிடம் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

இனி அந்த வியாழக்கிழமை.

கட்டட நிறுவனத்துக்கு இரண்டு முறை தாமதமாகக் கொடுத்திருந்தேன். மூன்றாவது முறையும் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. அண்ணி கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி, இன்னைக்கு வெயில் ஒரு மாதிரி இருக்கு. மதியம் ஒருவாட்டி அவருக்கு டெம்பரேச்சர் பாத்துடுங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன்.

எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கிவைத்தேன். ஏசியின் வாயை அட்டையால் முழுவதுமாக மூடினேன். மொத்தக் குளிரும் குழாய்க்கு வந்தது. என் அறைக் கதவின் அடி இடுக்கில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி வைத்தேன், வந்த குளிர் திரும்பிப் போய்விடக் கூடாது என்று. எண் எழுபத்தொன்றில் வந்து நின்றது. முழு வேகத்தில் ஓடும் கணினி எழுபத்தொன்றில். அன்று அலாரம் அடிக்கவே இல்லை.

ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாடு ஊட்டினேன். நான்கு வாயோடு போதும் என்றார். "குழாய எடுத்துடுடா. மூச்சு வாங்குது."

"சாயங்காலம் வரைக்கும்தாண்ணா. அறுபது சதவீதம் தாண்டிடுச்சு."

"சரி, முடிச்சுட்டு எடு."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சரி என்றுதான் சொன்னார்.

அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் ஓர் அழைப்பு மணி உண்டு. தலையைத் திருப்பிக் கன்னத்தால் அழுத்தினால் என் அறையில் ஒலிக்கும். அவரே வழி சொல்லி, என்னை வைத்துச் செய்த மணி. இரண்டு மணிக்கு மேல் அது அடிக்கத் தொடங்கியது. முதல் தடவை தண்ணீர் கொடுத்தேன். அடுத்த தடவை நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மூன்றாவது தடவை போனபோது முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. டெம்பரேச்சர் பார்த்தேன். முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

குழாயைக் கழற்ற இரண்டு நிமிடம் ஆகும். கழற்றினால் நான்கு நிமிடத்தில் கணினி நூறைத் தொடும். இதெல்லாம் நான் ஏற்கெனவே அளந்து வைத்திருந்த விவரங்கள். அவரிடம் பத்து நிமிடம் பொறு என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்காருவதற்குள் மணி அடித்தது. போய் மணியைத் திருப்பி, அதன் பேட்டரியைக் கழற்றினேன்.

"என்னடா பண்ற?"

"பேட்டரி போயிடுச்சுண்ணா. வேற போட்டுக் கொண்டாறேன்."

நடுக்கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் குரலால் கூப்பிட்டார். கதவைத் தாண்டி வருகிற அளவுக்கு அவர் குரலில் பலம் இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்தது. என் சின்ன வயசுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சு மாறியது. "லைன ஆஃப் பண்ணு. டேய், லைன ஆஃப் பண்ணு. மேல ஆள் இருக்கேன்ல." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார், கோபமில்லாமல், கீழே நிற்கிற உதவியாளிடம் சொல்வதுபோல.

ஆமாம், டாக்டர் சொன்னது நினைவிருந்தது. சம்பந்தமில்லாமல் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து மணிக்குக் குழாயைக் கழற்றினேன். அட்டையை மடித்து ஒளித்தேன். மணிக்குப் பேட்டரி போட்டேன். ஏசியைப் பதினெட்டில் வைத்தேன். ஆறு மணிக்கு அண்ணி வந்தபோது அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது. அண்ணன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரூமு ஜில்லுன்னுதானே தம்பி இருக்கு? இவருக்கு ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று கேட்டார். மதியம்கூட நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார் என்றேன். அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் அறையின் சூட்டையும் நிமிடத்துக்கு ஒரு தடவை கணினியில் பதிவாகும்படி நான்தான் வைத்திருந்தேன், குழாயின் பலனைக் கணக்கிடுவதற்காக. அந்தப் பதிவைத்தான் எடுத்து வந்திருக்கிறீர்கள். மூன்றே காலுக்கு நாற்பத்தொன்று என்று இருக்கும். அழிக்க எனக்கு ஓர் இரவு முழுக்க நேரம் இருந்தது. அளவைத் திருத்துகிற பழக்கம் எனக்கு இல்லை.

படத்தை எத்தனை மணிக்கு நிறுவனத்துக்கு அனுப்பினேன் என்று கேட்கிறீர்கள். அனுப்பவில்லை.

இரண்டே முக்காலுக்கு அது நின்றுவிட்டது. சூட்டினால் இல்லை. நினைவகம் போதவில்லை என்று சின்னதாக ஒரு பெட்டி திரையில் வந்து, மென்பொருள் தானே மூடிக்கொண்டது. எழுபத்தெட்டு சதவீதம். சூட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இத்தனை நாளும் நான் தப்பான இடத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்தேனோ என்னவோ. ஆக, இரண்டே முக்காலுக்குப் பிறகு அந்தக் குழாயால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அண்ணன் கூப்பிட்டது ஏறக்குறைய நான்கு மணி வரைக்கும்.

எழுந்து போகலாம் என்றுதான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போது வலது மூலையில் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. வேலை நின்ற கணினி, மேலே முழுக் குளிர். அறுபத்து நான்கு. ஐம்பத்தொன்று. நாற்பத்து மூன்று. முப்பத்தெட்டு. அந்தக் கணினியை வாங்கிய நாளிலிருந்து நான் பார்க்காத எண்கள். முப்பத்து மூன்று. அடுத்த அறையில் அவர் லைனை அணைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று.

ஆறு வருடத்தில் அந்த வீட்டில் நான் செய்த ஒரு காரியம், அன்றுதான் முதல்முறையாகச் சரியாக வந்துகொண்டிருந்தது. பாதியில் எழுந்துபோக மனசு வரவில்லை.