போணக்காட்டு மீட்டர் பலகை

அலுமினியத்தைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. புளியெல்லாம் பித்தளைக்குத்தான். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்த அழகியநம்பி. இன்ஸ்பெக்டர் ஸ்வப்னா மேடம், வாக்குமூலத்தை நீங்கள் மலையாளத்தில் கேட்டீர்கள். எனக்குக் கோர்வையாக எழுத வருவது தமிழ்தான், அதிலேயே தருகிறேன்.

என் பெயர் வெங்கிடேஷ். யுனிவர்சிட்டி ஆபீசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயரானவன். கரமனை வீட்டு முன்னறையில் நீங்கள் பார்த்த கண்ணாடி அலமாரிகள் என் இருபது வருட உழைப்பு. உலகப்போரில் விழுந்த விமானங்களின் துண்டுகள்: ஒரு புரொப்பெல்லர் நுனி, பாராசூட் கொக்கி, ஆக்சிஜன் குப்பி. கடைக்குப் பழைய உலோகம் வந்தால் நம்பி முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

சென்ற ஜூனில் போணக்காட்டு மலையில் மண் சரிந்து ஒரு விமானம் வெளியே தெரிகிறது என்று எஸ்டேட் ஆள் ஒருவன் அவரிடம் சொன்னான். யாரிடமும் சொல்லாமல் இருவரும் போனோம். ஓடைப் பள்ளத்தில் மூக்குக் குத்தி, பாதி புதைந்து கிடந்தது. நம்பி ஒல்லியான ஆள். உள்ளே நுழைந்தார்.

“சாமி, எலும்பு கெடக்கு. பூட்ஸு அப்படியே இருக்கு,” என்றார். “நாம ஒண்ணையும் தொட வேண்டாம். பட்டாளத்துக்குச் சொல்லிருவோம். இவனுக்கும் ஒரு அம்மை இருந்திருப்பால்லா.”

நான் பதில் சொல்வதற்குள் மேலிருந்து மண் இறங்கியது. பக்கத் தகடு மடங்கி அவருடைய இரண்டு கால்களையும் கவ்விக்கொண்டது. நான் தள்ளிவிடவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

“இருங்கோ நம்பி, ஆளைக் கூட்டிண்டு வரேன்,” என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு ஒன்றரை மணி நேர நடை. நடக்கும்போதுதான் யோசித்தேன். ஆள் வந்தால் போலீஸ் வரும், பட்டாளம் வரும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். விமானி இருக்கைக்கு முன்னால் இருந்த மீட்டர் பலகை ஒரு கண்ணாடிகூட உடையாமல் இருந்ததை நான் எட்டிப் பார்த்திருந்தேன். லயங்களைத் தாண்டி பஸ் ஏறினேன். வித்துராவில் இறங்கி டீ குடித்தேன். மறுநாள் சொல்லலாம் என்றால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. நேரம் போகப் போக வாய் திறக்க வழியில்லாமல் போயிற்று. மாட்டிக்கொண்டது அவர் மட்டுமல்ல, மேடம்.

மூன்றாம் நாள் இரும்பறுக்கும் ஹேக்ஸாவும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். உயிரோடுதான் இருந்தார். தகட்டில் வழிந்த மழைநீரை நக்கிக் குடித்திருக்கிறார். தண்ணீரை நானே வாயில் ஊற்றினேன். பையிலிருந்து ஹேக்ஸாவை எடுத்ததும் அவர் முகம் தெளிந்தது.

“காலைத்தானே அறுக்கப் போறிய? அறுங்க சாமி. கடையில உக்காந்து யாவாரம் பாக்கிறவனுக்குக் காலு எதுக்கு?”

அவர் மேல் சாய்ந்தால்தான் பலகை எட்டியது. நான்கு மூலைகளையும் அறுக்க இரண்டு மணி நேரமாயிற்று. இரண்டாவது மூலையில் அவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, பலகையோடு வெளியே வந்தேன்.

நம்பி எங்கே போனார் என்று தெரியாது, நான் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன் என்று அவர் மனைவி சிவகாமியம்மாளிடம் சொன்னேன். ஆளைக் காணவில்லை என்ற புகாரை அவருக்கு எழுதிக்கொடுத்ததும் நான்தான். வாராவாரம் வீட்டுக்கு வந்து ஏதாவது தெரிந்ததா என்று கேட்பார். என் மனைவி ஜெயலக்ஷ்மி காப்பி கொடுப்பாள்.

சென்ற வியாழக்கிழமை வந்தவர், அலமாரியில் புதிதாக இருந்த பலகையின் முன் நின்று, அதன் கீழே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். போணக்காடு, ஜூன் பதினான்கு, எடுத்தவர் வெங்கிடேஷ்.

“அந்த வாரம் காய்ச்சல்னுல்லா சொன்னிய?” என்றார். காப்பியைத் தொடாமல் நேரே உங்களிடம் வந்துவிட்டார்.

தேதியை மாற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்டீர்கள். தப்பு விவரம் எழுதினால் அப்புறம் அந்தப் பொருளுக்கு என்ன மரியாதை? நம்பியைச் சாகவிட்டு வந்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொய் மட்டும் எனக்குப் பழக்கமில்லை, மேடம்.