கைபடாத கரும்புச் சாறு

தலைமை தாங்கும் கசாப்புக் கடை அப்துல் முயிஸ் அவர்களே! ஆன்றமைந்த பெரியோர்களே! வெயிலிலும் விலகாத தாய்மார்களே! கெய்ரோ வெக்கையில் காய்ந்து, கரும்புச் சாற்றில் கரையேறும் என் தெருக்காரர்களே! முடிதிருத்தும் முக்தாரின் முதல் வணக்கம்!

இருபது ஆண்டுகளாக இந்தத் தெருவில் கரும்பைச் சீவி, உருளையில் நசுக்கி, நுரை பொங்க நீட்டியவர் இன்ஷிராஹ் அக்கா. நின்றோம், குடித்தோம், மீசையைத் துடைத்தோம், நடந்தோம்!

வந்தார் வஜ்தி! எதிரே திறந்தார் கண்ணாடி மாளிகை! மின்னியது இயந்திரம்! மின்னியது பாட்டில்! அதில் எழுதியிருந்தது: 'கைபடாத சாறு.' மயங்காதவர் யார்? மறுநாளே அக்கா கடை அசுத்தம் என்று ஒரு மனு! அதில் முதல் கையெழுத்து யாருடையது?

(யாரய்யா அங்கே, "உன்னுதுதான்!" என்று கத்துவது? ஆமாம், என்னுடையதுதான். உன்னுடையது மூன்றாவது, உட்கார்!)

அதிகாரி வந்தார். அக்கா கடைக்குச் சீல் வைத்தார். மறுநாள் காலை வஜ்தி கடைக்குப் போனேன். ஒரு பாட்டில்கூட இல்லை!

"மெஷின் ரிப்பேருங்க" என்றார் வஜ்தி.

நாமும் விடுவோமா? மூடியைத் திறந்தோம். உள்ளே ஒரு நாரில்லை, ஒரு துளி ஈரமில்லை! வாங்கிய நாள் முதல் கரும்பையே கண்டறியாத கன்னி இயந்திரம்!

வஜ்தி தலை குனிந்தார். "தினமும் விடிகாலையில அக்காவோட பின்வாசல்லதாங்க சாறு வாங்கினேன். மனு இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல."

அக்காவிடம் ஓடினேன். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"யார்கிட்டச் சொல்ல? என் சாறையே பாட்டில்ல குடிச்சிட்டு, 'உன்னுது இந்த மாதிரி வராது'ன்னு என் முகத்துக்கு நேராச் சொன்னவன் நீ!"

பெரியோர்களே, அந்த இடத்திலேயே காகிதம் கேட்டு வாங்கினான் இந்த முக்தார்!

இரண்டாவது மனு எழுதினோம். வஜ்தியும் கையெழுத்திட்டார். அதிகாரி மீண்டும் வந்து, உருளையைப் பார்த்தார், வடிகட்டியைப் பார்த்தார், குறை காணாமல் இன்று காலை சீலை உடைத்தார். உடைத்த கையோடு, "ஒரு கிளாஸ் கெடைக்குமா?" என்றாரே, பார்க்கலாம்!

அக்கா எனக்கும் ஒன்று நீட்டினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அப்புறம் அழு. இப்பக் குடி, சாறு கறுத்துப்போகும்!"

தாய்மார்களே! கீறல் விழுந்த, காப்புக் காய்த்த அந்தக் கை படாத சாறு இந்தத் தெருவில் ஒரு நாளும் இருந்ததில்லை! அந்தக் கையை அசுத்தம் என்று எழுதிய கை இது! இதோ, எல்லோரும் பார்க்க உயர்த்துகிறேன்! என்னோடு எழுதியவர்களே, உங்கள் கைகள் எங்கே?

ஒன்று... ஐந்து... தலைவர் அவர்களே, நீங்களுமா?

வெட்கப்பட்ட அனைவருக்கும் நன்றி! வெட்கப்படாதவர்க்கும் வணக்கம்! கடை திறந்திருக்கிறது, வாருங்கள்!