அரசியின் கேடயம்

அருங்காட்சியகத்தில் ஜனங்கள் பொருளைப் பார்ப்பதில்லை ஐயா, பக்கத்தில் இருக்கும் அட்டையைத்தான் படிக்கிறார்கள். அந்த அட்டைகளைப் பதினெட்டு வருஷமாக எழுதுகிறவன் நான்.

மாநில வரலாற்றுக் கூடத்தைத் திறந்த அன்று காலையில் நடுவிலிருந்த கண்ணாடிப் பெட்டி காலி. வரவேண்டிய வாள் வரவில்லை, அமைச்சர் வந்துகொண்டிருந்தார். என் சாப்பாட்டுப் பையில் வீட்டுப் பால் பாத்திரத்தின் பித்தளை மூடி இருந்தது. ஒடுக்கெடுக்கச் சொல்லி மனைவி கொடுத்தது. அதைப் பெட்டிக்குள் வைத்து அட்டை எழுதினேன்: 'பத்தொன்பது வயதில் கோட்டையைக் காத்த அரசியின் கேடயம்.'

அமைச்சர் கண் கலங்கினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடினேன். மறுவாரம் பார்க்க வந்தவர்களின் வரிசை தெருக்கோடி வரை நின்றது. எட்டாம் வகுப்பில் அவளைப் பற்றி ஒரு பாடம், நாற்சந்தியில் சிலை. பெண் குழந்தைகள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கோட்டையைக் காத்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை ஐயா. மனைவி மட்டும் பெட்டி முன்னால் நின்று, "இது நம்ம வீட்டு மூடிதானே?" என்றாள்.

"சும்மா இரு, இப்ப அது மாநிலத்துச் சொத்து," என்றேன். வீடு போய்ச் சேரும்வரை இருவரும் சிரித்தோம்.

பழம்பொருள்களைத் துடைத்துப் பழுதுபார்க்கும் அம்மாளை நாங்கள் பூதக்கண்ணாடி என்போம். தங்கமான மனுஷி. மூடியின் விளிம்பில் பாத்திரக் கம்பெனியின் முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. திங்கக்கிழமை டைரக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்."

அவ்வளவு பேர் கொண்டாடும் ஒரு பெண்ணை ஒரு முத்திரைக்காகக் கொல்ல எப்படி மனசு வருகிறது?

மரச்சாமான்களுக்குப் பூச்சிமருந்துப் புகை போட எங்களிடம் ஓர் அறை உண்டு. கதவைப் பூட்டுமுன் மூன்று தடவை தட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டினேன். "இருக்கேன்ணே, ஒரு நிமிஷம்," என்று உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. தட்டச் சொல்லித்தான் சுவரில் விதி எழுதியிருக்கிறது. பதில் வந்தால் என்ன செய்வதென்று ஒரு வரிகூட இல்லை. பூட்டிவிட்டுப் புகையைத் திறந்தேன்.

இப்போது வாசலில் அவள் படம் மாட்டியிருக்கிறது. அட்டை நான் எழுதியதுதான்: 'இந்த அருங்காட்சியகத்துக்காகத் தன் உயிரையே கொடுத்தவர்.' இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் எழுதியவற்றில் ஒரு பொய்கூட இல்லாத அட்டை அது ஒன்றுதான், ஐயா.