ரெண்டு ஜன்னலுக்கும் ஒரே பேர்

ஹலோ... தம்பி, அக்காதான். என்ட்டர் தட்டாதே. உன் சுண்டுவிரல் ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கறதுக்கு என் ஸ்கூட்டரையே தரேன், எடுத்துக்கோ.

...ஆமா, ஆமா, ஸ்க்ரீன்ஷாட் பாத்தேன். டெஸ்ட் மெஷின்ல பழசையெல்லாம் அழிக்கப் போற. ஆனா ரெண்டு ஜன்னல் தலைப்புலயும் 'டெஸ்ட்'னுதானே இருக்கு? அப்ப நிஜ வேலை ஓடற லைவ் மெஷின் எங்கே?

டாக்டர், ஒரு நிமிஷம், பல்லு ஓடிடாது... உன்னைச் சொல்லல.

...தலைப்பை ஷெல் கான்ஃபிக்ல, அந்த செட்டிங்ஸ் ஃபைல்ல, நீயே கையால எழுதினியா? அந்த ஃபைலை லைவுக்கும் அப்படியே காப்பி பண்ணிட்டியா? போர்டை மாட்டினா மளிகைக்கடை நகைக்கடை ஆயிடுமா? டயாலிசிஸ் சென்டர்டா அது.

...கத்தல. கேளு. கான்ஃபிக்ல அந்தப் பேரை எடுத்துடு. மெஷின்கிட்டயே பேரைக் கேட்டுத் தலைப்புல போடச் சொல்லு. ஒவ்வொரு தடவை அடுத்த கட்டளைக்கு ப்ராம்ப்ட் வர்றப்பவும் புதுசா கேக்கணும்... ம்... சேவ் பண்ணு. ரெண்டு ஜன்னல்லயும் லோட் பண்ணு.

...இடது பக்கம் என்ன வருது?... லைவ். சரி, பரவாயில்ல. வலது?

...திரும்பப் படி.

...அதுவும் லைவா.

டெஸ்ட் ஜன்னல்லேருந்து லைவுக்குள்ள போயிட்டு வெளிய வரவே இல்ல நீ. தம்பி, மதியம் வலது ஜன்னல்ல எதையோ அழிச்சுப் பாத்தேன்னியே, என்னது அது?

...நாளைக்கு வர்ற பேஷன்ட் லிஸ்ட்.

அழாதே. அழுதுகிட்டே டைப் பண்ணா இன்னொண்ணு போகும். நேத்து ராத்திரி பேக்கப் இருக்குல்ல?... ஏத்து. லைன்லயே இருக்கேன்... டாக்டர், நீங்க அடுத்த ஆளைப் பாருங்க.

...எத்தனை பேர் திரும்பி வந்தாங்க?... முப்பத்தெட்டு. பேக்கப்புக்கு அப்புறம் இன்னைக்கு எத்தனை பேருக்கு நேரம் குடுத்தாங்கன்னு ரிசப்ஷன்ல கேளு... ம்... எல்லாம் போன்ல வந்ததா? அப்ப நம்பர் அந்த போன்லயே இருக்கும்.

...தள்ளிப் போடறதா? ஒரு நாள் தள்ளினா அவங்களுக்கு மூச்சே முட்டும்டா. கூப்பிட்டு, யாருக்கு எந்த நேரம்னு கேட்டு, திரும்ப ஏத்தணும்.

...சரி. முப்பத்தெட்டு வரவு, ஒம்போது பாக்கி. அஞ்சு பேரை நான் கூப்பிடறேன், நாலு பேர் உனக்கு. நம்பரை அனுப்பு. வைக்கிறேன்.